கல்லில் திரும்பிய எழுத்து கணினியில் தடுமாறினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய வட ஆற்காட்டில் கல்வெட்டுப் பணி செய்பவர்களுக்கு எழுத்து வகைகளுக்குப் பஞ்சமில்லை. மாமண்டூர்க் குகையில் தமிழ் பிராமி, மகேந்திரவாடிக் குடைவரையில் பல்லவ கிரந்தம், செங்கம் வட்டார நடுகற்களில் வட்டெழுத்து, வேலூரிலும் ஆற்காட்டிலும் தர்கா, கல்லறைக் கற்களில் அரபி, பாரசீக வரிகள். இவற்றைப் புத்தகத்துக்கோ இணையத்துக்கோ ஏற்றும்போது எழுத்து கவிழ்கிறது, திரும்புகிறது, கலைகிறது. அப்போது என்ன பார்க்க வேண்டும் என்பதே இந்தக் குறிப்பு.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: திரும்பியிருப்பது எது? கல் திரும்பியிருக்கலாம். வரி ஓடும் திசை திரும்பியிருக்கலாம். தனி ஓர் எழுத்து மட்டும் திரும்பியிருக்கலாம். கல்லின் திருப்பத்தை விவரக் குறிப்பில் எழுத வேண்டும், வரியின் திருப்பத்தை வரிக்கான குறியில் காட்ட வேண்டும், எழுத்தின் திருப்பத்தை அந்த எழுத்தின் அலங்காரமாகக் கொடுக்க வேண்டும். உரைக் கோப்பில் மட்டும் எப்போதும் வாசிப்பு வரிசையில் உள்ள எழுத்துகளே இருக்க வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை.

(குறியெண் என்பது யுனிகோட் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் கொடுத்திருக்கும் எண். குறியெண்களில் வரும் ஆங்கில எழுத்துகளை ஏ, சி, ஈ என்று ஒலிபெயர்த்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தையே தட்டுங்கள்.)

அறிகுறி: படத்தில் எல்லா எழுத்தும் இடம் வலமாக மாறித் தெரிகிறது

விசைப்பலகையைத் தொடாதீர்கள். முதலில் படத்தைச் சந்தேகியுங்கள். மைப்படி என்பது கல்லில் ஈரத் தாளை ஒட்டி, மேலே மை ஒற்றி எடுக்கும் படி. அதன் மையிட்ட பக்கம் நேராக வாசிக்கும். அதே தாளின் பின்பக்கத்தைப் படமெடுத்தால் எழுத்து கண்ணாடியில் பார்த்தது மாதிரி திரும்பிவிடும். ட்ரேசிங் தாளைப் புரட்டி ஸ்கேன் செய்தாலும், சில கைபேசிகளின் முன்பக்கக் கேமராவில் எடுத்தாலும் இதே கதைதான்.

எந்த எழுத்தை வைத்துச் சோதிப்பது என்பது முக்கியம். பிராமியில் க ஒரு கூட்டல் குறி. ர ஒரு நேர்கோடு. ண மேலும் கீழும் பட்டை போட்ட கோடு. ந கீழே பட்டையும் மேலே நிற்கும் கோடும். இவை நான்கும் இடம் வலம் மாறினாலும் அப்படியே இருக்கும், சோதனைக்கு உதவாது. ட, ப, ல மூன்றையும் தேடுங்கள். ட அரைவட்டம், வாய் வலப்பக்கம் திறந்திருக்கும். ப-வுக்கு இடக்கால் நெடியது, ல-வுக்கு வலக்கால் நெடியது. ஆகவே திரும்பிய ப அவசரத்தில் ல போலத் தெரியும்.

உயிர்க்குறியில் ஆபத்து இன்னும் அதிகம். ஆகாரக் கோடு எழுத்தின் மேற்பகுதியில் வலப்பக்கம் நீளும், ஏகாரக் கோடு இடப்பக்கம் நீளும். அதனால் படம் புரண்டிருந்தால் "பா" என்பது "லே" என்று வாசிக்கக் கிடைக்கும். இது கற்பனைச் சொற்களை உருவாக்கிவிடும் வகைப் பிழை. சில எழுத்து சரியாகவும் சில எழுத்து விசித்திரமாகவும் தெரிந்தால் புதிய வரிவடிவம் கண்டுபிடித்ததாக எண்ணுவதற்கு முன் படத்தைப் புரட்டிப் பாருங்கள்.

படம் சரி, கல்லிலேயே ஓரிரு எழுத்து மட்டும் திரும்பியிருக்கிறது என்றால் அது உண்மையான தரவு. அசோகர் கல்வெட்டுகளில் தகர வரிசையின் நான்காம் எழுத்து, ஏபிசிடியின் டி போல நேர்கோடும் அதை ஒட்டிய அரைவட்டமுமாக இருப்பது, இரு பக்கமும் திரும்பிக் கிடைக்கிறது. அதைத் திருத்தக் கூடாது. குறித்து வைக்க வேண்டும். எப்படி என்பது பின்னால் வருகிறது.

அறிகுறி: கைபேசியில் நேராகத் தெரியும் படம் கணினியில் படுத்திருக்கிறது

கைபேசி படத்தைத் திருப்புவதில்லை, "இப்படித் திருப்பிக் காட்டு" என்று ஓர் எண்ணை மட்டும் கோப்பில் எழுதுகிறது. 1 என்றால் நேர், 3 என்றால் 180 பாகை, 6 அல்லது 8 என்றால் 90 பாகைத் திருப்பம். சில மென்பொருள் அந்த எண்ணை மதிக்கும், சில மதிக்காது. தீர்வு: படத்தை உண்மையாகவே சுழற்றிச் சேமியுங்கள், எண் 1 ஆகட்டும். அதற்குப் பிறகே எழுத்துகளைச் சுற்றிப் பெட்டி வரையும் வேலையைத் தொடங்குங்கள். முன்னால் தொடங்கினால் ஒவ்வொரு பெட்டியும் இடம் தப்பி நிற்கும்.

அறிகுறி: கல்வெட்டே தலைகீழாக இருக்கிறது

திருப்பணியின்போது பிரித்து அடுக்கிய கோயில் சுவர்களில் எழுத்துள்ள கல் கவிழ்ந்தோ பக்கவாட்டிலோ செருகப்பட்டிருக்கும். இது கல்லின் திருப்பம் மட்டுமே. படத்தைச் சுழற்றி, வழக்கமான உரையாகத் தட்டச்சு செய்யுங்கள். விவரக் குறிப்பில் "தென்சுவர், தரையிலிருந்து இரண்டாம் வரிசை, கல் 180 பாகை கவிழ்ந்துள்ளது" என்று எழுதினால் போதும். எபிடாக் முறையில் (கல்வெட்டு உரையைக் கணினிக் கோப்பில் குறியிட்டு வைக்கும் நெறி) குறியேற்றுபவர்கள் இதைக் கல்லின் விவரப் பகுதியில் வைக்க வேண்டும். உரைப் பகுதியில் ஒரு குறியும் வேண்டாம். பிராமியாக இருந்தால் மேல் கீழ் அறிய ந-வைப் பாருங்கள்: பட்டை மேலே இருந்தால் கல் கவிழ்ந்திருக்கிறது. ஒரே எழுத்தை நம்பாமல் இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள்.

அறிகுறி: வலமிருந்து இடமாக ஓடும் வரி. பின்னாலிருந்து தட்டினால் புள்ளி வட்டங்கள் வருகின்றன

இந்த ஒன்றில் நேரம் செலவிடுவது நியாயம். இங்கேதான் அதிகம் பேர் சிக்குகிறார்கள்.

பிராமி இடமிருந்து வலமாக எழுதப்படுவது. விதிவிலக்குகள் உண்டு. ஆந்திரத்தின் எர்ரகுடியில் உள்ள அசோகர் சிறுபாறைக் கல்வெட்டில் சில வரிகள் எதிர்த்திசையில் ஓடுகின்றன. ஏர் உழுவது போல ஒரு வரி இப்படி, அடுத்த வரி அப்படி. மத்தியப் பிரதேசத்து ஏரண் நாணயம் ஒன்றில் வாசகம் முழுவதும் வலமிருந்து இடம். இவற்றைத் தட்டுபவர் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கடைசி எழுத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்.

ஏன் கெடுகிறது என்பதை "பளி" என்ற சொல்லில் பாருங்கள். திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையில் அதியன் நெடுமான் அஞ்சியைச் சொல்லும் கல்வெட்டு இந்தச் சொல்லில்தான் முடிகிறது. (ஜம்பை வரி நேராகவே ஓடுகிறது. சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.) சரியான வரிசை மூன்று குறியெண்: ப 11027, ள 11075, இகரக் குறி 1103ஏ. பின்னாலிருந்து தட்டினால் இகரக் குறி முதலில் வந்து நிற்கும். ஒட்டிக்கொள்ள மெய் இல்லாததால் கணினி அதற்கு ஒரு புள்ளி வட்டத்தைப் போடும். வரியின் நடுவில் இது நடந்தால் இன்னும் மோசம்: புள்ளி வட்டமே வராது, குறி பக்கத்து மெய்யில் ஒட்டிக்கொண்டு வேறு சொல்லாகிவிடும். பிழை நடந்ததே தெரியாது. தேடினாலும் கிடைக்காது.

ஆகவே எப்போதும் வாசிக்கும் வரிசையில் தட்டுங்கள். திசையைத் தோற்றத்தில் மட்டும் மாற்றுங்கள். கல்லில் பார்த்ததைப் பொறுத்து வழி மூன்று.

வரிசை மட்டும் திரும்பியிருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் வழக்கம்போல நிற்கிறது என்றால், இணையப் பக்கத்தில் அந்த வரியை "பிடிஓ" குறிக்குள் வைத்து "டிர்" பண்புக்கு "ஆர்டிஎல்" கொடுங்கள். வேர்டில் என்றால் வரிக்கு முன் 202ஈ என்று தட்டி ஆல்ட்+எக்ஸ், வரி முடிந்ததும் 202சி என்று தட்டி ஆல்ட்+எக்ஸ். சுற்றியுள்ள உரையிலிருந்து வரியைத் தனிமைப்படுத்தும் 2067 என்ற குறியைப் போட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள் உண்டு. பிராமி எழுத்துகள் யுனிகோடில் உறுதியான இடவலத் திசை கொண்டவை. தனிமைப்படுத்துவது அவற்றைத் திருப்பாது. எழுத்தின் இயல்பான திசையை மீறச் சொல்லும் மேலாணைக் குறியான 202ஈ மட்டுமே திருப்பும்.

வரிசையும் திரும்பி, எழுத்துகளும் கண்ணாடி பிம்பமாக இருக்கின்றன என்றால் மேலாணை போதாது. அது வரிசையைத்தான் மாற்றும், வடிவத்தை மாற்றாது. தானாகப் பிம்பமாவது அடைப்புக்குறி போன்ற சில குறிகள் மட்டும். ஓபன்டைப் என்ற ஃபான்ட் வகையில் "ஆர்டிஎல்எம்" என்ற வசதி இதற்காகவே உண்டு. ஆனால் ஃபான்ட் செய்தவர் அதற்கான வடிவங்களை வரைந்திருக்க வேண்டும், பிராமி ஃபான்ட்டுகளில் அதை எதிர்பார்க்காதீர்கள். எளிய வழி, முழு வரியையும் சிஎஸ்எஸ் (இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) "டிரான்ஸ்ஃபார்ம்" கட்டளையில் "ஸ்கேல்எக்ஸ்(-1)" என்று கொடுப்பது. வரிசையும் வடிவமும் ஒரே அடியில் திரும்பும், கோப்பில் உரை நேராகவே இருக்கும், தேடினால் கிடைக்கும். இன்டிசைனில் அந்த வரியின் ஃப்ரேமைக் கிடைமட்டமாக ஃபிளிப் செய்வதும், இங்க்ஸ்கேப்பில் உரையைத் தேர்ந்து எச் விசையை அழுத்துவதும் இதே பலனைத் தரும்.

வரி முழுவதும் தலைகீழாக ஓடுகிறது என்றால் 180 பாகைச் சுழற்சி. அவ்வளவுதான்.

அறிகுறி: மேலாணை போட்டதும் பத்தியின் மிச்சமெல்லாம் புரண்டுவிட்டது, வரி எண் 12 என்பது 21 ஆகிறது

202சி விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் மேலாணை பத்தி முடியும்வரை ஓடும். எண்களும் அதற்குள் அகப்பட்டால் தலைமாறும். ஆகவே வரி எண், அடிக்குறிப்பு எண், சதுர அடைப்புக்குறியில் போடும் ஊகப் பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் வெளியே வையுங்கள். கல்லின் ஒரு வரிக்கு ஒரு மேலாணை. நீளமான வரி திரையில் மடிந்தால் வாசிப்பு குழம்பும், மடியாமல் "நோரேப்" கொடுங்கள். கோப்பின் பெயரில் மட்டும் 202ஈ-ஐ ஒருபோதும் போடாதீர்கள். தீங்கான கோப்புகளை மறைக்க இதையே பயன்படுத்துவதால் மின்னஞ்சல் வடிகட்டிகள் பிடித்து நிறுத்தக்கூடும்.

அறிகுறி: ஒரே ஓர் எழுத்தைத் திருப்பக் கட்டளை கொடுத்தும் அசையவில்லை, அல்லது உயிர்க்குறி கழன்று விழுகிறது

அசையாததற்குக் காரணம், "ஸ்பேன்" குறி வரியோடு ஓடும் வகை. அதில் டிரான்ஸ்ஃபார்ம் வேலை செய்யாது. "டிஸ்ப்ளே" பண்பை "இன்லைன்-பிளாக்" ஆக்குங்கள், உடனே திரும்பும்.

குறி கழன்றால், மெய்யையும் உயிர்க்குறியையும் வெவ்வேறு ஸ்பேனில் வைத்திருக்கிறீர்கள். திருப்பும் அலகு குறியெண் அல்ல, முழு எழுத்து. பா-வைத் திருப்ப வேண்டுமானால் ப-வும் ஆகாரக் குறியும் ஒரே ஸ்பேனுக்குள் இருக்க வேண்டும். கிரந்தத்தில் இது இன்னும் கண்டிப்பு. மகேந்திரவாடிக் கல்வெட்டில் வரும் "மஹேந்த்ர" என்பதில் ந், த், ர மூன்றும் ஒரே கூட்டெழுத்து. நடுவில் எங்கே வெட்டினாலும் அடுக்கு உடையும்.

பெயர்ப்புக் கோப்பில் எபிடாக் "எச்ஐ" குறியில் "ரெண்ட்" பண்புக்கு "ரிவர்ஸ்டு" என்று கொடுத்து எழுத்தைச் சுற்றுங்கள். வரி முழுவதற்கும் என்றால் "எல்பி" குறியிலேயே "ரைட்-டு-லெஃப்ட்". நாளைக்கு வேறொருவர் வேறு ஃபான்ட்டில் அச்சிட்டாலும் தகவல் தொலையாது.

இங்கே ஒரு கேள்வி எழும்: திரும்பிய எழுத்துக்குத் தனிக் குறியெண் ஏன் இல்லை? திரும்பினாலும் அது அதே ப என்பதால்தான். கனடாப் பழங்குடி அசையெழுத்தில் அப்படி அல்ல. ஒரே வடிவத்தைச் சுழற்றினால் உயிர் மாறும், எழுத்தே வேறு, ஆகவே தனித்தனிக் குறியெண். எகிப்தியப் பட எழுத்துக்கு 2022-இல் வந்த யுனிகோட் 15 வேறு வழி எடுத்தது: இடவலம் திருப்ப 13440 என்ற கட்டுப்பாட்டுக் குறி, சுழற்சிக்கு வேறுபாட்டுத் தெரிவிகள் (எழுத்துக்குப் பின்னால் போட்டு வேறு வடிவம் கேட்கும் குறிகள்). அதைப் படித்துவிட்டுப் பிராமி எழுத்துக்குப் பின்னால் அந்தத் தெரிவிகளைப் போட்டால் ஒன்றும் நடக்காது. பட்டியலில் உள்ள இணைகளுக்கு மட்டுமே அவை பொருந்தும், பட்டியலில் பிராமி இல்லை. கண்ணுக்குத் தெரியாத குப்பையாகக் கோப்பில் தங்கித் தேடலைக் கெடுப்பதுதான் மிச்சம்.

அறிகுறி: நடுகல்லில் பக்கவாட்டில் இறங்கும் எழுத்து திரையில் படுத்துவிடுகிறது

நடுகல்லில் வாசகம் மேலே தொடங்கி, வீரனின் உருவத்தை ஒட்டிக் கிடைத்த இடத்தில் இறங்கும். எழுத்துகள் நின்றபடியே ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றனவா, வரியே சாய்ந்து இறங்குகிறதா என்று முதலில் தீர்மானியுங்கள். சிஎஸ்எஸ் செங்குத்து எழுத்து முறையில் இயல்பாகவே எழுத்து 90 பாகை சாயும். நிற்க வைக்க "டெக்ஸ்ட்-ஓரியன்டேஷன்" பண்புக்கு "அப்ரைட்" கொடுக்க வேண்டும். வளைந்து செல்லும் வரியை இங்க்ஸ்கேப்பில் பாதைமேல் உரையாக அமைத்து எஸ்விஜி ஆக்கலாம். ஆய்வுப் பதிப்புக்கு இந்த வளைவெல்லாம் தேவையில்லை என்பது எங்கள் கருத்து: வரிக்கு வரி நேராகக் கொடுத்து, பக்கத்தில் நல்ல மைப்படிப் படம் ஒன்று வைப்பதே வாசகருக்கு உதவும்.

அறிகுறி: வட்டெழுத்து அடித்தேன், இன்னொருவர் கணினியில் தற்காலத் தமிழாகத் தெரிகிறது

வட்டெழுத்துக்கு யுனிகோடில் தனி இடம் இல்லை. கிடைக்கும் வட்டெழுத்து ஃபான்ட்டுகள் தமிழ்க் குறியெண்கள் மேல் வட்டெழுத்து வடிவத்தைப் போர்த்துபவை. ஃபான்ட் இல்லாத கணினியில் தமிழ் தெரிவது கோளாறு அல்ல, நல்ல செய்தி. உரை பத்திரமாக இருக்கிறது. கோப்பில் தமிழ் யுனிகோட் உரையை வையுங்கள், வட்டெழுத்துத் தோற்றம் வேண்டிய பக்கத்தில் ஃபான்ட்டைப் பதித்த பிடிஎஃப் கொடுங்கள். ஆங்கில விசைகள் மேல் வடிவம் ஏற்றிய பழைய ஃபான்ட்டைத் தவிருங்கள். அந்த ஃபான்ட் போன மறுநாள் கோப்பில் மிஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துகள் மட்டுமே.

அறிகுறி: புள்ளி வைத்தால் பிராமி எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கிக்கொள்கின்றன

11046 என்ற விராமம் (மெய்யின் அகரத்தை நீக்கும் குறி) வடபிராமிக் கூட்டெழுத்துக்கானது; அடுத்த மெய்யை அடுக்கிவிடும். தமிழ் பிராமியின் புள்ளிக்கு 2021-இல் யுனிகோட் 14 தனியாக 11070-ஐக் கொடுத்தது. அதனோடு குறில் எ, ஒ, அவற்றின் உயிர்க்குறிகள், தமிழ் ள ஆகியவை 11071 முதல் 11075 வரை வந்தன. ழ, ற, ன மூன்றும் முன்பே 11035, 11036, 11037. புதிய குறியெண்களுக்குப் பெட்டி தெரிந்தால் ஃபான்ட் பழையது. நோட்டோ சான்ஸ் பிராமியின் அண்மைப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள். அதுவும் முடியாத இடத்தில், 11046-க்குப் பின் 200சி என்ற இணைக்காக் குறியைப் போட்டு அடுக்காமல் தடுக்கலாம்.

கல்லில் புள்ளியே இல்லாத காலத்துக் கல்வெட்டுக்கு நீங்களாகப் புள்ளி வைக்காதீர்கள். பிராமி வரி கல்லில் உள்ளபடி, தமிழ்ப் பெயர்ப்பு வரி புள்ளியோடு என இரண்டு வரியாகக் கொடுங்கள். ள-வுக்கு ஒரு கோப்பில் 11034, மறு கோப்பில் 11075 என்று கலந்திருந்தால் தேடல் பாதியைத் தவறவிடும். ஒன்றை முடிவு செய்து மொத்தமாக மாற்றுங்கள்.

அறிகுறி: தரவுத்தளத்தில் பிராமி எழுத்து வந்த இடத்தோடு உரை அறுந்துபோகிறது

தமிழ் எழுத்துக்கு யுடிஎஃப்-8 முறையில் 3 பைட், பிராமிக்கும் கிரந்தத்துக்கும் 4 பைட். மைஎஸ்க்யூஎல்லின் பழைய "யுடிஎஃப்8" 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. அட்டவணை, நெடுவரிசை, இணைப்பு மூன்றையும் "யுடிஎஃப்8எம்பி4" ஆக்குங்கள். இணைப்பை மறப்பவர்கள்தான் அதிகம். அறுந்த உரை தானாகத் திரும்பி வராது, மூலத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.

அச்சகத்தில் பேஜ்மேக்கர் மட்டும் இருந்தால் அதற்கு யுனிகோடே தெரியாது. பிராமி, கிரந்த வரிகளை வேறிடத்தில் அமைத்து, கர்வ்ஸ் (எழுத்தாக இல்லாமல் வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிப் படமாகக் கொடுங்கள், மூல உரைக் கோப்பைத் தனியே காப்பாற்றுங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பி "வேர்ல்ட்-ரெடி" வகையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: தமிழ்ப் பத்தியில் பாரசீக வரி வந்ததும் அடைப்புக்குறியும் ஹிஜ்ரி ஆண்டும் இடம் மாறுகின்றன

இங்கே மேலாணை கூடாது. இயல்பாகவே வலமிருந்து ஓடும் எழுத்துக்குத் தனிமைப்படுத்தல்தான் மருந்து: வரிக்கு முன் 2067, பின் 2069; இணையத்தில் "பிடிஐ" குறி. ஆண்டும் அடைப்புக்குறியும் தமிழ்க் குறிப்பைச் சேர்ந்தவை என்றால் 2069-க்கு வெளியே இருக்கட்டும். கல்லிலேயே உள்ள ஆண்டு என்றால் உள்ளே.

அறிகுறி: பானையோட்டுக் குறியீடு ஒன்றே நான்கு கோணத்தில் வருகிறது, கணினி அதை நான்கு குறியாக எண்ணிவிட்டது

பானைக் கீறல்களுக்கு யுனிகோடில் இடமில்லை. தனிப்பயன் பகுதியில் (அவரவர் தேவைக்கு யுனிகோட் ஒதுக்கிவிட்ட எண்கள்) குறியெண் கொடுப்பவர்கள் சுழன்ற வடிவத்துக்கெல்லாம் தனி எண் கொடுத்துவிடுகிறார்கள், கணக்கு ஊதிவிடுகிறது. வடிவத்துக்கு ஓர் எண், கோணத்துக்குத் தனி நெடுவரிசை, பிம்பமா இல்லையா என்பதற்கு இன்னொன்று. கோணத்தை அளக்க ஓட்டில் உள்ள பானை வாயின் விளிம்பை மேல் என்று கொள்ளுங்கள். விளிம்பு இல்லாத உடல் ஓட்டில், உட்புறத்தில் சக்கரம் விட்ட வரைகளைக் கிடைமட்டமாக வைத்தால் இரண்டு வாய்ப்புதான் மிஞ்சும். அவற்றில் எது என்று தெரியாதபோது கோண நெடுவரிசையைக் காலியாக விடுங்கள், 0 போடாதீர்கள். 0 என்பது அளந்து கிடைத்த விடை.